பழைய காரின் தரைத் தகட்டில் ஒடுக்கா? வீட்டிலேயே சரி செய்ய நினைப்பவர்களுக்கான கேள்வி-பதில்

பழைய கார் ஒன்றை வாங்கி, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்ததும் பலருக்கும் எழும் கேள்விகள் இவை. கதவு, மட்கார்டு, பானட் ஆகியவற்றில் ஒடுக்கு எடுப்பது ஒரு வேலை. தரையில் எடுப்பது முற்றிலும் வேறு வேலை. வெளித் தகட்டில் பெயின்ட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய நெளிவு தெரிந்தாலும் கண்ணை உறுத்தும். தரையில் அந்தக் கவலை இல்லை. தகடு இறுக்கமாக இருக்கிறதா, தண்ணீர் தேங்காமல் இருக்கிறதா, துரு புக வழியில்லாமல் மூடியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சொன்னவை.

தரையில் ஒடுக்கு எப்படி விழுகிறது?

பெரும்பாலும் ஜாக்கியால். ஜாக்கி வைக்க வேண்டிய கெட்டியான இடத்தை விட்டு, வெறும் தகட்டுக்கு அடியில் வைத்து யாரோ ஒருவர் காரைத் தூக்கியிருப்பார். பல வருடங்களில் பல கை மாறிய காரில் இது கிட்டத்தட்ட நிச்சயம். இந்த ஒடுக்கு கீழிருந்து மேலே, அதாவது காருக்கு உள்ளே புடைத்து நிற்கும். கல்லோ மேடோ அடியில் இடித்தாலும் அப்படித்தான், ஆனால் கூடவே நீளமாக ஒரு கீறலும் இருக்கும்.

இன்னொரு வகை மேலிருந்து கீழே தொங்கும். டிரைவர் குதிகால் படும் இடம், கனமான சாமான் ஏற்றிய இடம் இப்படி. இந்த வகையைப் பார்த்தால் முதலில் துருவைச் சந்தேகப்படுங்கள். நல்ல தகடு கால் மிதித்துத் தொங்காது.

ஒடுக்கைக் கட்டாயம் எடுக்கத்தான் வேண்டுமா?

இல்லை. உள்ளங்கை அளவுக்குள், ஆழம் குறைவாக, எதையும் இடிக்காமல், கார்ப்பெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒடுக்கை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் அந்த இடத்தின் பூச்சை விட்டுவிடக் கூடாது. தகடு மடங்கும்போது அடியில் இருக்கும் அண்டர்கோட் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) வெடிக்கிறது, அல்லது தகட்டை விட்டுப் பிரிகிறது. அந்த இடுக்கில் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை. மேலே கறுப்பாக, நல்லா இருப்பது போலவே தெரியும். உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். எனவே வடிவத்தை எடுக்காவிட்டாலும், பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

கட்டாயம் எடுக்க வேண்டியவை: சீட் நேராக உட்காராதபடி செய்வது, பிரேக் பைப்பையோ பெட்ரோல் பைப்பையோ அழுத்துவது, பெடலின் அசைவைத் தடுப்பது, தண்ணீர் தேங்கும் குழியாக மாறியிருப்பது, மிதித்தால் சத்தம் போடுவது.

என் காருக்குத் தனி சேசிஸ் இருக்கிறதா, இல்லையா என்பது இதில் முக்கியமா?

மிகவும் முக்கியம். தனி சேசிஸ் சட்டத்தின் மேல் பாடி போல்ட் போட்டு உட்காரும் வண்டியில் பாரம் முழுவதையும் சட்டம் தாங்குகிறது. தரைத் தகடு நசுங்கினாலும் வண்டியின் நேர்த்தி கெடுவதில்லை.

ஆனால் எம்.ஜி.பி., மோரிஸ் மைனர், முதல் தலைமுறை மஸ்டாங் போன்ற வண்டிகளில் பாடியே சேசிஸ். அவற்றில் தரை, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் ‘சில்’ என்ற பெட்டிச் சட்டம், நடுவே கியர்பாக்ஸுக்கு மேலே ஓடும் டனல், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் ஒன்றாக வெல்டிங் ஆகி, சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே சில்லை ஒட்டி ஆழமான மடிப்பு இருந்தால் அதைச் சின்ன ஒடுக்கு என்று கடந்துவிட முடியாது.

வோக்ஸ்வாகன் பீட்டில் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம். நடு டனலும் அதன் இருபுறமும் உள்ள தரைத் தகடுகளும் சேர்ந்த ஒரு தளம். அதன் மேல் பாடியைப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அதில் பின்சீட்டுக்கு அடியில் பாட்டரி இருக்கும் மூலையை முதலில் பாருங்கள். பாட்டரி ஆசிட் கசிந்து அங்கே தகடு மெலிந்துபோவது அந்தக் காரில் பழகிப்போன கதை. மெலிந்த தகட்டில் ஒடுக்கு எடுக்கப் போனால் சுத்தியல் அந்தப் பக்கம் வந்துவிடும்.

எதை வீட்டில் செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட வேண்டும்?

வேலை தொடங்குமுன் கதவுகளை மூடி, சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும், அல்லது நேர்மாறாகவும் இருந்தால் பாடியே முறுக்கிக்கொண்டிருக்கலாம். அடுத்து, தரையின் அடியில் இடதும் வலதும் ஒரே மாதிரி உள்ள போல்ட் துளைகளைத் தேர்ந்தெடுத்து, மூலைவிட்டமாக டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் பொருந்தவில்லை என்றால் வண்டி ஏற்கெனவே எங்கோ அடிபட்டிருக்கிறது. இந்த நிலையில் சுத்தியலை எடுக்க வேண்டாம். அளவுச் சட்டத்தில் ஏற்றி இழுக்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள்.

சீட் பெல்ட் போல்ட் ஆகும் இடமும் சஸ்பென்ஷன் மாட்டும் இடமும் நசுங்கியிருந்தாலும் அதே பதில்தான். அந்த இடங்கள் மனித உயிரைத் தாங்குபவை. மற்றபடி, சட்டங்களுக்கு நடுவில் உள்ள வெறும் தகட்டில் விழுந்த ஒடுக்கு எல்லாம் வீட்டு வேலைதான்.

முதலில் எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

பாட்டரி இணைப்பு, சீட், சீட்டின் தண்டவாளம், கதவு ஓரப் பட்டை, கார்ப்பெட், அதன் அடியில் உள்ள கம்பளி மெத்தை. சீட் போல்ட்டுகள் பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் தரைக்குள் வெல்டிங் ஆகியிருக்கும் நட்டு பிய்ந்து கூடவே சுற்றும். பிறகு அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

அடிப்பக்கமும் போய்ப் பார்க்க மறக்க வேண்டாம். பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், சில கார்களில் வயரிங் எல்லாம் தரையை ஒட்டித்தான் ஓடும். ஒடுக்குக்கு அருகில் இருப்பதைக் கிளிப்பிலிருந்து விடுவித்துத் தள்ளிக் கட்டுங்கள். நசுங்கிய பிரேக் பைப்பை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. மாற்றிவிடுங்கள்.

தரையில் ஒட்டியிருக்கும் தார் அட்டையை எப்படி எடுப்பது?

சத்தம் குறைக்க ஒட்டிய தார் அட்டை பழையதாகி கல் மாதிரி இறுகியிருக்கும். ஹாட் ஏர் கன்னால் சூடேற்றி, அகலமான சுரண்டியால் உரிப்பது ஒரு வழி. வேலை நடக்கும், ஆனால் பிசுபிசுப்பு எல்லா இடத்திலும் ஒட்டும், புகையும் வரும்.

எனக்குப் பிடித்தது உலர் பனிக்கட்டி வழி. கரியமில வாயுவை உறைய வைத்த கட்டி அது. குளிர் மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். பொடித்துத் தார் அட்டையின் மேல் பரப்பிச் சில நிமிடம் விட்டால் தார் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். லேசாகத் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும், தகட்டில் பிசுக்கே இருக்காது. ஆனால் இரண்டு விஷயம். வெறும் கையால் தொடக் கூடாது, தோல் வெந்துவிடும். கனமான கையுறை வேண்டும். கட்டி கரையும்போது வரும் வாயு காற்றை விடக் கனமானது, காரின் தரையிலேயே தேங்கும். நான்கு கதவையும் திறந்து வைத்து, திறந்தவெளியில் செய்யுங்கள். குனிந்து தலையை உள்ளே விட்டபடி இருக்க வேண்டாம்.

மிகப் பழைய கார்களின் ஒலித்தடுப்பு அட்டைகளிலும் அடிப்பூச்சுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். நார் நாராகத் தெரிந்தால் சோதித்துப் பார்க்கும்வரை தொடாதீர்கள். உலர்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்த்துத் தூளாக்குவது கூடவே கூடாது.

துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மூன்று சோதனையும் சுலபம். முதலில் ஒரு சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மொத்தென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அப்புறம் அந்த வட்டத்துக்குள் கூரான குத்தூசியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது தகடு இல்லை, துருப் பொருக்கு. கடைசியாக ஒரு காந்தம். ஒட்டாத இடத்தில் யாரோ பட்டியோ (பள்ளம் நிரப்பும் பசை) ஃபைபர் துணியோ வைத்து மூடியிருக்கிறார்கள்.

குத்தூசி இறங்கிய இடத்தில் ஒடுக்கு எடுக்கும் பேச்சே இல்லை. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டியதுதான். பழைய கார்களின் தரை பெரும்பாலும் 0.9 முதல் 1.2 மி.மீ. கனம். துருப்பிடிக்காத ஒரு துளையின் விளிம்பில் வெர்னியர் காலிப்பர் வைத்து உங்கள் வண்டியின் கனத்தை நேரடியாகவே அளந்துவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமா?

பார்க்காமல் தரையைத் தொடவே வேண்டாம். முன்கண்ணாடி ரப்பர், கதவுக்குள் உள்ள தண்ணீர் தடுப்புத் தாள், ஹீட்டர் குழாய், முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் பகுதி எல்லாம் வழக்கமான குற்றவாளிகள். முதல் தலைமுறை மஸ்டாங்கில் அந்தக் காற்று வரும் பகுதி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து முன்பக்கத் தரையில் ஒழுகுவது எல்லோருக்கும் தெரிந்த நோய்.

காரை எப்படி நிறுத்தி வைப்பது?

சமமான சிமென்ட் தரையில். சக்கரத்துக்கு முட்டு கொடுத்து, பாரம் தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வையுங்கள். ஸ்டாண்டை சஸ்பென்ஷன் மாட்டும் இடம், கெட்டியான சட்டம் போன்ற இடங்களில் வையுங்கள். வேலை செய்யப்போகும் தகட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகக் கூடாது. சுத்தியல் அடி ஒவ்வொன்றும் வண்டியை அசைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு அடியில் போங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

மரச் சுத்தி அல்லது கெட்டியான ரப்பர் சுத்தி, தட்டையான முகமுள்ள டிங்கர் சுத்தியல், அடிக்கு எதிர்ப்பக்கத்தில் முட்டாகப் பிடிக்க ஒன்றிரண்டு டாலி (கைக்கு அடக்கமான இரும்புக் கட்டி), தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் சில கட்டைகள், சின்ன மணல் பை, ஒரு பாட்டில் ஜாக்கி. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. மூடிய கூட்டுக்குள் தகட்டை அடிக்கும்போது வரும் சத்தம் சாதாரணம் இல்லை. காதடைப்பானை யாரும் தவிர்க்க வேண்டாம்.

டாலி இல்லாவிட்டால் கனமான, முனை மழுங்கிய இரும்புத் துண்டு போதும். தரை வேலைக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை.

எந்த இடத்தில் முதல் அடி?

இந்த வேலையின் உயிரே இந்தக் கேள்விதான்.

ஜாக்கி முதலில் தொட்ட இடம் நடுப்புள்ளி. தகடு மேலே எழும்பிக்கொண்டே போக, அதைச் சுற்றி வளையம் வளையமாக மடிப்பு உண்டாகிறது. கடைசியாக உண்டானது ஓரத்தில் உள்ள மடிப்பு. அந்த ஓர மடிப்புதான் இப்போது ஒடுக்கைப் பூட்டு போட்ட மாதிரி பிடித்து வைத்திருக்கிறது. பலரும் நேராக நடுவில் ஓங்கி அடிக்கிறார்கள். நடு கீழே போகும், ஆனால் ஓரம் விடாது. தகடு இரண்டு பக்கமும் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட தகட்டை மறுபடி சுருக்குவது ஒடுக்கு எடுப்பதை விடப் பெரிய பாடு.

எனவே கடைசியாக வந்ததை முதலில் எடுங்கள். கார்ப்பெட் எடுத்த தரையில் டார்ச்சைப் படுக்க வைத்து அடித்தால் மடிப்புகள் நிழலாகத் தெரியும். அவற்றைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஒருவர் டாலியைப் பள்ளமான இடத்தில் அழுத்திப் பிடிக்க, மேலே நீங்கள் பக்கத்தில் உள்ள மேட்டை மரச் சுத்தியால் தட்டுங்கள். டாலியின் மேலேயே அடிக்காமல், அதற்குப் பக்கத்தில் அடிப்பதுதான் இங்கே தேவை. மேடு இறங்கும், அதே அடியின் எதிர்விசையில் டாலி பள்ளத்தைத் தூக்கும். ஒரே அடியில் இரண்டு வேலை. டாலியின் மேலேயே சுத்தியல் விழுந்தால் தகடு நடுவில் நசுங்கி மெலிந்து விரியும். கடைசியில் சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்ய மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஓரத்தில் ஒரு சுற்று, அதற்கு உள்ளே ஒரு சுற்று என்று நடுவை நோக்கி வாருங்கள். ஓங்கிய நாலு அடியை விட மெல்லிய நாற்பது அடி நல்லது. ஓர மடிப்பு சரியாக இளகிவிட்டால், நடுப்பகுதி பாதித் தூரம் தானாகவே இறங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். சில சமயம் கை வைத்து அழுத்தினாலே படீரென்று பழைய இடத்துக்குப் போய்விடும்.

கீழே தொங்கும் ஒடுக்கை ஜாக்கி வைத்துத் தள்ளலாமா?

தள்ளலாம், ஆனால் ஜாக்கி தனியாக அந்த வேலையைச் செய்யக் கூடாது. ஒடுக்கின் வளைவுக்கு ஏற்றபடி ஓரம் மழுக்கிய ஒரு மரக்கட்டையை பாட்டில் ஜாக்கியின் தலையில் வைத்து, தகட்டைத் தொடும்வரை உயர்த்துங்கள். பிறகு இன்னும் கொஞ்சம், தகடு இறுகுவது கையில் தெரியும் அளவுக்கு. அங்கே நிறுத்துங்கள். இப்போது உள்ளே போய் ஒடுக்கின் ஓரத்தில் எழுந்து நிற்கும் மடிப்பைச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தகடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், ஜாக்கியின் இறுக்கம் தளரும். மறுபடி ஜாக்கியின் கைப்பிடியில் கால்வாசி அழுத்தம். மறுபடி தட்டல். தள்ளலும் தட்டலும் சேர்ந்து செய்யும் இந்த வேலையில் தகடு நீளாது.

ஸ்டாண்டிலிருந்து கார் எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஏதோ ஒரு சட்டத்தின் மேல் ஜாக்கி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று: மேலே புடைத்த ஒடுக்கை இறக்குவதற்காக ஜாக்கியை உள்ளே வைத்துக் கூரையில் முட்டுக் கொடுத்துத் தள்ளுவதை எங்காவது பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள். கூரைத் தகடு தரையை விட மென்மையானது.

தரையில் உள்ள நீள வரிப் புடைப்புகளும் நசுங்கிவிட்டன. அவற்றை நிமிர்த்த வேண்டுமா?

ஆமாம். அவை அலங்காரம் இல்லை. பெரிய தட்டைத் தகடு வளையாமல், அதிராமல் இருப்பதற்காகவே தொழிற்சாலையில் அழுத்தி உண்டாக்கிய விறைப்பு வரிகள் அவை. ஒரு கெட்டி மரத்துண்டில் அந்த வரியின் அகலத்துக்குப் பள்ளம் செதுக்கி ஒரு பக்கம் முட்டுக் கொடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து, முனை உருட்டிய மர உளியை வைத்துத் தட்டி வரியை மறுபடி எழுப்புங்கள். கோடு நேராக வராவிட்டாலும் பாதகமில்லை, ஆழம் வந்தால் போதும்.

ஒடுக்கு போய்விட்டது. ஆனால் மிதித்தால் டொக் டொக் என்று சத்தம் வருகிறதே?

தகடு நீண்டுவிட்டது. இருக்க வேண்டிய இடத்தை விடத் தகடு கூடுதலாக இருப்பதால், டப்பா மூடியை அழுத்தி விட்ட மாதிரி உள்ளே வெளியே தாவுகிறது.

இதற்கு மூன்று வழி உண்டு. லேசான தாவல் என்றால், நசுங்கிய விறைப்பு வரிகளைச் சரியாக எழுப்பினாலே கூடுதல் தகடு அதற்குள் போய்விடும். தட்டையாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு சின்ன வரியைப் போட்டும் சரி செய்யலாம். வெளித் தகட்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, தரையில் யாரும் கேட்கப் போவதில்லை. தரைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, கிரைண்டரில் மாட்டும் சுருக்குத் தட்டு. வழவழப்பான எஃகு வட்டு அது. மேடான இடத்தில் மட்டும் உரசிச் சூடேற்றும். உடனே ஈரத் துணியால் ஒற்றினால் அந்த இடம் சுருங்கும். நான்கைந்து முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

மூன்றாவது, காஸ் வெல்டிங் தீயால் காசளவுக்குச் சின்னப் புள்ளியைச் செக்கச் சிவக்கச் சூடேற்றி, சுற்றிலும் தட்டி, ஈரத் துணி வைப்பது. கைதேர்ந்த டிங்கர்கள் இதை அழகாகச் செய்வார்கள். ஆனால் காரின் அடியில் தாரும் பெட்ரோல் பைப்பும் உள்ள இடத்தில் திறந்த தீயை வைக்க வேண்டியிருக்கிறதே! முதல் இரண்டும் பலிக்காதபோது மட்டும், இரண்டு பக்கமும் வெறும் இரும்பு தெரியச் சுத்தம் செய்த பிறகு யோசியுங்கள்.

அடியில் உள்ள மூடிய பெட்டிச் சட்டமே நசுங்கியிருக்கிறது. உள்ளே கை போகவில்லையே?

சட்டத்தின் கீழ்முகம் மட்டும் கொஞ்சம் அமுங்கி, இரண்டு பக்கச் சுவரும் நேராக இருந்தால், துரு இல்லை என்று உறுதி செய்துகொண்டு அப்படியே விட்டுவிடலாம். பக்கச் சுவர் வெளியே பிதுங்கியிருந்தால் சட்டம் தன் பலத்தை இழந்திருக்கிறது. தகட்டின் மேல் சின்ன ஆணிகளை வெல்டிங் செய்து, நகரும் எடையுள்ள இழுப்புச் சுத்தியலால் வெளியே இழுப்பார்கள். இழுக்கும்போதே பக்கச் சுவரில் மரக்கட்டை வைத்து உள்நோக்கித் தட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் பெட்டி பெட்டியாகும்.

தரையும் சில்லும் சேரும் இடத்தில் வெல்டிங் விட்டிருக்கிறது. என்ன செய்வது?

ஒடுக்கு விழுந்த வேகத்தில் அந்தத் தொழிற்சாலைப் புள்ளி வெல்டிங்குகள் சில பிய்ந்துபோவது சகஜம். இணைப்பின் மேல் உள்ள பழைய சீலரில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வெடிப்பு தெரிந்தால் சுரண்டிப் பாருங்கள். வடிவத்தை முழுதாகச் சரி செய்த பிறகு, மேல் தகட்டில் சுமார் 8 மி.மீ. துளை போட்டு, இரண்டு தகட்டுக்கும் நடுவே துத்தநாகப் பிரைமர் பூசி, கிளாம்ப்பால் இறுக்கி, துளை வழியாக மிக் வெல்டிங்கால் (கம்பி தானாக வந்து உருகும் வகை) நிரப்பலாம். பழைய புள்ளிகள் எவ்வளவு இடைவெளியில் இருந்தனவோ அதே இடைவெளி. இந்த மெல்லிய தகட்டுக்கு 0.6 மி.மீ. கம்பி வசதி, தொடர்ச்சியாக ஓட்டாமல் விட்டு விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் வெப்பத்தில் தகடு மறுபடி நெளியும்.

வெல்டிங்கில் பயப்பட வேண்டியது எது?

தீ. அதைவிடவும் கண்ணுக்குத் தெரியாத புகை. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அதால் துடைத்த தகட்டில் வெல்டிங் சுடர் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், உயிரையே எடுக்கக்கூடியது. வெல்டிங் செய்யப்போகும் இடத்தில் அந்த வகைக் கிளீனரைத் தொடவே தொடாதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டின் புகையும் காய்ச்சல் வரவைக்கும், காற்றோட்டம் வேண்டும்.

பெட்ரோல் டாங்க் அருகில் இருந்தால் இறக்கிவிடுங்கள். அடியில் தார்ப்பூச்சு இருந்தால் வெல்டிங்குக்கு எதிர்ப்பக்கத்தில் அது பற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கும் உங்களுக்குத் தெரியாது. தீயணைப்பானோடு கீழே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வேலை முடிந்தும் குறைந்தது ஒரு மணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள். கண்ணாடிகளை கனமான துணியால் மூடுங்கள்; கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிந்தால் தேய்த்தும் போகாது.

மீதி இருக்கும் பள்ளத்தில் பட்டி வைத்துச் சமன் செய்யலாமா?

வேண்டாம். தரை எப்போதும் அதிர்ந்துகொண்டும் வளைந்துகொண்டும் இருக்கும். பட்டி விரிசல் விடும், விரிசலில் ஈரம் தங்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் நடக்கும் இதை நீங்கள் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். துரு ஓட்டையின் மேல் ஃபைபர் துணி ஒட்டுவதும் இதே ரகம்.

பூச்சு வேலையில் எது முன், எது பின்?

வெறும் இரும்பு வரை சுத்தம். குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கரைசல் தடவலாம், ஆனால் டப்பாவில் சொன்னபடி கழுவி, முழுதாக உலர்த்த வேண்டும். ஆசிட் மிச்சம் இருந்தால் மேலே வரும் பிரைமர் பிடிக்காது. அப்புறம் எபாக்சி பிரைமர். அதன் மேல்தான் இணைப்புகளுக்கு சீலர். வெறும் இரும்பின் மேல் சீலர் பூசினால் அதன் ஓரத்திலிருந்தே துரு கிளம்பும். பிறகு உள்ளே பெயின்ட், அடியில் கல்லடி தாங்கும் பூச்சு. கடைசியாக, மூடிய சட்டங்களுக்குள் மெழுகு தெளிப்பு. வெல்டிங் செய்த இடத்தின் உட்பக்கத்தில் பழைய பெயின்ட் எரிந்துபோயிருக்கும். அந்த இடத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவது இந்த மெழுகுதான்.

எபாக்சியைப் பிரஷ்ஷால் பூசினாலே தரைக்குப் போதும். ஹார்டனர் கலக்கும் யூரித்தேன் பெயின்ட்டுகளில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்கு ஆபத்தான பொருள் இருக்கிறது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்பிரே செய்யக் கூடாது.

தரையில் உள்ள வடிகால் துளைகளையும் ரப்பர் மூடிகளையும் சீலரால் அடைத்துவிடாதீர்கள். மூடிகள் இறுகிக் கெட்டியாகியிருந்தால் புதிது போடுங்கள்.

உடனே கார்ப்பெட் போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகு, வெறும் தரையோடு காரின் மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடியுங்கள். முன்கண்ணாடியைச் சுற்றி, கதவுகளைச் சுற்றி, கீழிருந்து மேலாக. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு சொட்டு வந்தாலும் அதைச் சரி செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பழைய கம்பளி மெத்தையை மறுபடி போட வேண்டாம், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் விடாது. நீர் உறிஞ்சாத நுரை மெத்தை நல்லது. சத்தத்துக்கு பியூட்டைல் ஒட்டுத்தாளை ஒவ்வொரு தட்டைப் பகுதியின் நடுவிலும் ஒட்டினாலே அதிர்வு அடங்கும். தரை முழுக்க மூடத் தேவையில்லை.

இனி ஜாக்கியை எங்கே வைப்பது?

வண்டியோடு வந்த கையேட்டில் காட்டியிருக்கும் புள்ளிகளில் மட்டும். அந்தப் புள்ளிகளே துருப்பிடித்துப் பலவீனமாகியிருந்தால் அவற்றையும் நம்ப வேண்டாம். முன்புறக் குறுக்குச் சட்டத்துக்கோ பின்புற ஆக்சிலுக்கோ போங்கள். ஜாக்கித் தலைக்கும் இரும்புக்கும் நடுவில் கனமான ரப்பர் வில்லை வையுங்கள். டயர் கடைக்கோ சர்வீஸுக்கோ கொடுக்கும்போது, தூக்க வேண்டிய இடத்தை அடியில் வெள்ளை பெயின்ட்டால் குறி போட்டு, வேலை செய்பவரிடம் கையோடு காட்டிவிட்டு வாருங்கள்.